விழுந்ததாகவே இருக்கட்டும்

ஆகஸ்ட் 11

துணி காயப்போடும் கொடி எட்டவில்லை என்கிறாள் சாந்தாமணி. அந்தக் கயிற்றைக் கட்டியதே அவள்தான். போன வருஷம்வரை நின்ற இடத்திலிருந்து வேட்டியை வீசிப் போட்டவள் இன்று முக்காலி கேட்கிறாள். கயிறு மேலே ஏறிவிட்டதா என்று கேட்டேன்.

"கயிறு எங்கீங் ஏறும்? நாந்தான் கீழ போய்ட்டிருக்கறன்" என்றாள்.

சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் என் காதுவரை இருந்தவள் இப்போது தோளுக்குத்தான் வருகிறாள். என்னோடு குடும்பம் நடத்தியே குறுகிப் போய்விட்டாயா என்று சீண்டினேன். சிரித்தாள். சிரிக்கும்போதே முதுகைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றை இறக்கிக் கட்டினேன்.

தண்ணீர் மோட்டார் மறுபடி இழுக்கவில்லை. நாளை மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 14

முதுகு வலி பொறுக்க முடியாமல் போனதால் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போனேன். உடுமலையிலேயே எலும்பு டாக்டர் இருக்கிறார். ஆனால் அங்கே வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் எங்களுக்குச் சொந்தம், மீதிப்பேர் மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்கள். யாராவது ஒருவர் "நாச்சிமுத்து சம்சாரத்துக்கு என்ன" என்று கேட்டு ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

சீட்டுப் போடும் பெண் பேர் கேட்டாள். மரகதம் என்றேன். சாந்தாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டர் முதுகெலும்பை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முன்னே எங்காவது எலும்பு முறிந்ததுண்டா என்றார். நாலு வருஷம் முன்பு மணிக்கட்டு முறிந்தது. கட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். அதைச் சொன்னதும், "எலும்புப்புரை மாதிரி தெரியுது. உள்ளே இருக்க வேண்டிய சத்து கரைஞ்சு எலும்பு வலுவில்லாம ஆயிடும். ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வருஷத்துக்கு ஒரு டிரிப் போட்டுட்டா போதும். தள்ளிப்போடாதீங்க" என்றார். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ஆகுமாம்.

அவர் இரண்டு முறை "மரகதம்மா" என்று கூப்பிட்டும் இவள் திரும்பவில்லை. நான் இடித்த பிறகுதான் "ஏனுங்" என்றாள். பஸ்ஸில் வரும்போது, "மரகதத்துக்குத்தான எலும்பு போச்சு, எனக்கு என்னங் கவலை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15

பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி காலையிலிருந்து காதைக் கிழிக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பாலிசிப் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

மில் மூடியபோது பென்ஷன் இல்லை, ஆஸ்பத்திரிச் சலுகை இல்லை. கையில் வந்த பணத்தில் மகள் பிருந்தா கல்யாணம் போக மிஞ்சியதை வங்கியில் போட்டேன். வியாதி வந்தால் அதுவும் போய்விடுமே என்று, சாந்தாமணியின் தம்பி செல்லமுத்து மூலமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஐந்து லட்சத்துக்கு மருத்துவப் பாலிசி எடுத்தேன். செல்லமுத்து உரக்கடையோடு சேர்த்து இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் இருக்கிறான். பாலிசி தொடங்கியது போன வருஷம் பிப்ரவரி பத்தொன்பதில். முதல் இரண்டு வருஷம் சில வியாதிகளுக்குப் பணம் கிடையாது. அந்த வரிசையில் எலும்புப்புரையும் இருக்கிறது. முன்பே இருந்த வியாதியை மறைத்ததாகத் தெரிந்தால் பாலிசியே ரத்து.

இப்போது ஸ்கேன் எடுத்தால் காகிதம் வரும். காகிதத்தில் தேதி இருக்கும். மணிக்கட்டு முறிந்த கதையும் அதில் ஏறும். நாளைக்கு ஓர் ஆபரேஷன் என்று வந்தால், இது பாலிசிக்கு முன்பே இருந்த வியாதி என்று கையை விரித்துவிடுவார்கள். மில் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இது தெரியாதா? காகிதத்தில் ஏறாதது நடக்கவே இல்லை. ஏறியதை யாராலும் அழிக்க முடியாது.

பிப்ரவரி பத்தொன்பதுக்குப் பிறகு அவள் சொந்தப் பேரிலேயே ஸ்கேன் எடுத்து டிரிப் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் பாலிசியிலேயே பணம் வரும். இடையில் ஆறு மாதம்தான். ஒன்பதாயிரத்துக்குப் பார்த்துத் தள்ளிப்போடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்து லட்சத்தைக் காப்பாற்றுகிறேன்.

சாந்தாமணியிடம் விளக்கினேன். "உங்களுக்குத் தெரியாததாங்" என்றாள்.

செப்டம்பர் 3

மோட்டார் சரியாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 9

பிப்ரவரிவரை அவள் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, ஈரத் தரையில் நடக்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் பிடிப்பது, வாசல் கூட்டுவது, சந்தைக்குப் போவது எல்லாம் நான். கோலம் போட வரவில்லை. தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துச் சிரித்தாள்.

தாராபுரத்தில் அவள் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. போகக் கூடாது என்றேன். காலையிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பாலிசி புஸ்தகத்த வச்சிருக்கற பொட்டியிலயே என்னையும் வச்சுப் பூட்டிருங்" என்றாள்.

சண்டை வேண்டாம் என்று அடுப்படிக்குப் போனேன். கத்தரிக்காய்ப் பொரியல் நான் செய்தேன். உப்புக் கூடிவிட்டது.

அக்டோபர் 6

செல்லமுத்து வந்தான். அக்காள் நடப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவள் காப்பி போட உள்ளே போனதும் என்னிடம் கேட்டான். டாக்டர் சொன்னதையும் நான் போட்ட கணக்கையும் சொன்னேன்.

"அந்த டிரிப்புக்கெல்லாம் பாலிசியில வருமான்னே எனக்குச் சந்தேகமா இருக்குதுங் மச்சா. ஆபீசுல கேட்டுச் சொல்லட்டுங்களா?"

கேட்கவே கூடாது என்றேன். கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். யாருக்கு என்பார்கள். கம்ப்யூட்டரில் குறித்து வைப்பார்கள். இத்தனை வருஷம் ஏஜெண்டாக இருக்கிறான், இதுகூடத் தெரியவில்லை.

"அப்ப நம்ம காசுலயே போட்டுருங். அக்கா கூன் போட்டு நடக்குது, பாக்க முடியல" என்றான். பணம் வேண்டுமானால் தான் தருவதாகவும் சொன்னான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மச்சினன் காசில் வைத்தியம் பார்க்கும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 2

தீபாவளிக்குப் பிருந்தாவும் மாப்பிள்ளையும் ஓசூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். பெண் வந்ததில் வீடு வீடாக இருந்தது. மாப்பிள்ளைக்கு மட்டன் எடுத்துக் கொடுத்துவிட்டு நானே வெங்காயம் உரித்தேன்.

"அம்மா ஏம்ப்பா இப்பிடிக் குனிஞ்சு நடக்கறாங்க, டாக்டர்கிட்டக் காட்டினீங்களா" என்று பிருந்தா கேட்டாள். வயசானால் அப்படித்தான் கண்ணு என்றேன். சாந்தாமணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

பிருந்தா கம்பெனியில் ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் உண்டு. பெற்றோர், அல்லது மாமனார் மாமியார், யாராவது ஒரு ஜோடியைத்தான் சேர்க்க முடியுமாம். மாமியாருக்கு கிட்னி கோளாறு என்பதால் அவர்களைச் சேர்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. வாழப்போன வீட்டை முதலில் பார்ப்பதுதான் முறை, எங்களுக்குப் பாலிசி இருக்கிறது என்றேன். தெரிந்தால் கடன் வாங்கியாவது அனுப்புவாள். அவள் மாமனார் வீட்டில் அது ஒரு பேச்சாகும். அது வேண்டாம் என்றுதான் மறைத்தேன்.

நவம்பர் 24

நேற்றுத் தும்மினாள். விலா எலும்பில் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தாளாம். நான் தூங்கிவிட்டேன். மருந்துக் கடையில் வலி மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வாங்கினேன், பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 18

மழை. வாசல் வழுக்குகிறது. அவளை அறையைவிட்டு வெளியே வர விடவில்லை.

டிசம்பர் 30

இன்று என்னமோ தெம்பாக இருந்தாள். நாற்காலி போட்டு உட்கார்ந்து பச்சைப்பயறு கடைந்தாள். சாப்பிடும்போது, பிப்ரவரி முடிந்ததும் முதல் வேலையாகத் தாராபுரம் போய் அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றாள். நானே கார் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். கார் என்றதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லையே என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜனவரி 16

பொங்கல் ஆனது. ஊர்ப் பெண்களெல்லாம் கூடிப் போகும் பூப்பறிக்கும் நோன்புக்குப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான்.

ஜனவரி 28

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். சட்னி எடுக்கப் பக்கவாட்டில் திரும்பினாள். அவ்வளவுதான் செய்தாள். டக்கென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றபடியேதான் சொன்னாள்.

"ஏனுங், என்னமோ ஒடஞ்சிருச்சுங்."

நான் எழுந்து ஓடுவதற்குள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். இடது கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. தோசை கருகியது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று ரொம்ப நேரம் தோன்றவே இல்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் புத்தி வேலை செய்தது. பிப்ரவரி பத்தொன்பது இன்னும் வரவில்லை. எலும்புப்புரையால் முறிந்தது என்றால் ஒரு பைசா வராது. தவறி விழுந்து முறிந்தது என்றால் அது விபத்து. விபத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. வீட்டைப் பூட்டும் முன் குளியலறைத் தரையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஊற்றினேன், எனக்கே தெரியவில்லை.

கோயமுத்தூர் போகும் வழியில் அவள் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தேன். குளிக்கப் போனாய், வழுக்கியது, விழுந்தாய். வேறெதுவும் சொல்லாதே. பழைய கைமுறிவைச் சொல்லாதே. வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினாள்.

ஜனவரி 31

இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் விசாரித்துவிட்டுத்தான் பணம் தருவார்களாம். அதுவரை நாம் கட்ட வேண்டும். வங்கியில் போட்டிருந்ததை உடைத்தேன். செல்லமுத்து ஒரு லட்சம் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். எலும்பில் திருகு நிற்கவே இல்லையாம். "இத்தனை நாள் எதுவும் வைத்தியம் பாக்கலயா?" என்றார். இல்லை என்றேன். டிஸ்சார்ஜ் காகிதத்தில் எலும்புப்புரை என்று எழுத வேண்டும் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. கையை விடுவித்துக்கொண்டு, தவறி விழுந்ததால் முறிவு என்று நோயாளி சொன்னபடி எழுதுவதாகச் சொன்னார். எலும்புக்கு ஊசி மட்டும் தனிக் காகிதத்தில் எழுதித் தருவார். இரண்டு வாரத்தில் கட்டாயம் தொடங்கிவிட வேண்டுமாம்.

பிப்ரவரி 3

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். மரியாதையான ஆள். சாந்தாமணி படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்கினார். நான் வெளியே நிற்க வேண்டும் என்றார். கதவோரம் நின்றேன். கேட்டது.

அவள் சொன்னாள். முந்தின நாள் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கழுவாமல் கிடந்தது. நீலப் பக்கெட்டைத் தள்ளி வைக்கப் போனாள். கால் வாரிவிட்டது. நான் சோப்பையும் சொல்லித் தரவில்லை, பக்கெட்டையும் சொல்லித் தரவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரனிடம்கூட வாங்காத பாலை வாங்கவில்லை என்றும் வாங்கியதை வாங்கினேன் என்றும் சொல்லுபவள்.

அவர் பேனாவை மூடிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா, இது எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். விழுந்து உடைஞ்சுதா, உடைஞ்சு விழுந்தீங்களா?"

கதவுக்கு இன்னும் கிட்டே போனேன்.

"உளுந்துதானுங் ஒடஞ்சுது. நாந்தான் பாத்து நடக்கலீங்" என்றாள்.

அப்புறம் என்னிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். மனைவிக்கு இதற்கு முன் எலும்பு வியாதி எதுவும் இல்லை, வைத்தியம் எதுவும் பார்த்ததில்லை. வைத்தியம் பார்த்ததில்லை என்பது உண்மைதானே.

பிப்ரவரி 6

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேஜையில் இருக்கும் பெண்ணிடம் பொதுவாக விசாரிப்பதுபோலக் கேட்டேன். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு எலும்புப்புரை, வருஷ டிரிப் போடச் சொல்கிறார்கள், இரண்டு வருஷம் முடிந்ததும் பாலிசியில் எடுத்துக்கொள்ளலாமா என்று.

"ரெண்டு வருஷம் ஆனாலும் பத்து வருஷம் ஆனாலும் இந்தப் பாலிசியில அது வராது சார். அரை மணி நேரம் போட்டுட்டு வீட்டுக்குப் போறது அது. படுத்து வைத்தியம் பாத்தாத்தான் பணம். அவங்கள இப்பவே கைக்காசு போட்டுப் போட்டுக்கச் சொல்லுங்க, எதுக்குக் காத்திருக்கணும்?"

ஸ்கேன் எடுத்தால் முன்பே இருந்த வியாதி என்று ஆகிவிடாதா என்றேன். "பாலிசி எடுத்ததுக்கு அப்புறம் கண்டுபிடிச்சா அதுல மறைக்கறதுக்கு என்ன சார் இருக்குது" என்றாள். போன் வந்தது, எடுத்துக்கொண்டாள்.

கான்டீனுக்குப் போனேன். இட்லி ஆறிப்போயிருந்தது. சண்டை போட்டேன். வேறு தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் சாப்பிட முடியவில்லை. ஆகஸ்டிலேயே கேட்டிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். செல்லமுத்து கேட்கிறேன் என்று சொன்னான்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. கட்டிலைக் கூடத்தில் போட்டேன். பிருந்தா ஒரு வாரம் லீவு போட்டு வந்திருக்கிறாள். நடக்க வைக்க வேண்டும் என்கிறார்கள். வாக்கரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்தாள், வேர்த்துக் கொட்டியது.

டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்த ஊசிக் காகிதத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அது வருஷ டிரிப் இல்லை, தினமும் போடும் ஊசி, இரண்டு வருஷத்துக்கு. மாதம் ஆறாயிரம், எல்லாம் கைக்காசு. அதுகூடப் பரவாயில்லை. ஆனால் பணம் வருமுன் அவள் பேரில் எலும்புப்புரை ஊசி வாங்கினால், அதை அவர்கள் கண்டுபிடித்தால், கையெழுத்துப் போட்ட காகிதம் என்ன ஆகும்? கிளெய்ம் முடியட்டும். சில வாரம்தான்.

அவளிடம் சொன்னேன். "சரிங்" என்றாள்.

பிப்ரவரி 19

இன்று பிப்ரவரி பத்தொன்பது. கரண்டு பில் கட்டினேன்.

மார்ச் 8

படுக்கையில் புண் வராமல் இருக்கப் புரட்டிப் போடுகிறேன். தலை சீவிவிடப் பழகிக்கொண்டேன். பின்னத்தான் வரவில்லை. கொண்டையாக முடிந்துவிட்டால், "காவடி எடுக்கப் போறனுங்களா" என்று சிரிக்கிறாள். சிரித்ததும் முதுகு வலிக்கிறது என்கிறாள். முன்பைவிடக் கீழே, புது இடத்தில்.

மார்ச் 27

இன்சூரன்ஸில் இன்னும் ஒரு காகிதம் கேட்டிருக்கிறார்கள். அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 13

பணம் வந்துவிட்டது. கையுறை, பஞ்சு, வாக்கர் என்று பிடித்துக்கொண்டு மீதியெல்லாம் வந்திருக்கிறது. செல்லமுத்துவுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவன் எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு அக்காளைப் பார்த்தபடி நின்றான்.

போட்ட கணக்கு தப்பவில்லை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

ஏப்ரல் 15

துணிக்கு அடியில் வைத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, கார் வைத்து அவளைக் கோயமுத்தூர் கூட்டிப் போனேன். படம் எடுத்துப் பார்த்தார் டாக்டர். முதுகெலும்பில் இரண்டு நசுங்கியிருக்கிறது. இடுப்பு சேர்ந்தாலும் இனி நிமிர்ந்து நடப்பது கஷ்டம், பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் அதுவே பெரிது என்றார். பிறகு காகிதத்தில் தேதியைப் பார்த்தார்.

"பிப்ரவரியிலயே எழுதிக் குடுத்தேனே. ஏன் ஆரம்பிக்கலை?"

நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள். "எனக்கு ஊசின்னா பயமுங். அவரு வாங்கியாறன்னுதான் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டன்."

டாக்டர் அவளைத் திட்டினார். படிக்காதவர்கள் மாதிரி நடந்துகொள்கிறீர்களே என்றார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். இதை நான் சொல்லித் தரவில்லை.

ஊசி வாங்கி வந்து குளிர்ப்பெட்டியில் வைத்தேன். வயிற்றில் நானே போட்டேன். அவள் அசையாமல் இருந்தாள்.

ஏப்ரல் 21

பிருந்தா மறுபடி வந்திருக்கிறாள். அம்மா இனி நிமிர மாட்டாள் என்று டாக்டர் சொன்னதைப் போனில் சொல்லியிருந்தேன். வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதாள். அழுகை கோபமாக மாறியது.

"சோப்புத் தண்ணிய ஊத்தி வெச்சுட்டு அதுமேலயே யாராச்சும் நடப்பாங்களாம்மா? எத்தன தடவ பாத்து நடன்னு சொல்லியிருப்பேன்? ஊசியும் வேண்டாம்னியாம். இந்த வயசுல அப்பா தண்ணி எடுக்கறாரு, சமைக்கறாரு, உன்னத் தூக்கி ஒக்கார வெக்கறாரு. அவரப் பத்தியாச்சும் நெனச்சியா நீ?"

"ஆமாங் கண்ணு. என் தப்புத்தான்" என்றாள் சாந்தாமணி.

நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நின்றேன். பிருந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளில் சாய்ந்தாள். பாவம்ப்பா நீங்க என்றாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். முகம் கழுவ உள்ளே போனாள்.

கட்டில் ஓரம் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றினேன். சாந்தாமணி என் முகத்தையே பார்த்தாள். கோபமாக இருக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கடையில் கொடுத்த சில்லறை சரிதானா என்று கேட்பவளைப்போலத்தான் கேட்டாள்.

"ஏனுங், எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி அந்தச் சோப்புத் தண்ணியும் பக்கெட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குதுங். நெசமாவே உளுந்துட்டனோன்னு இருக்குது. நான் உளுகலைன்னு உங்களுக்காச்சும் தெரியுமில்லீங்?"

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

"மெதுவாப் பேசு, பிருந்தா இருக்கறா" என்றேன்.

பணம் வந்துவிட்டாலும், கம்பெனிக்காரர்கள் எப்போது எதைத் தோண்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும். பெண்பிள்ளை, போனில் யாரிடமாவது சொல்லிவிட்டால் வம்பு. அதனால்தான் சொன்னேன்.

"சரிங்" என்றாள். கஞ்சியைக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தாள். தானாகத் திரும்ப முடியவில்லை. நான்தான் திருப்பிவிட்டேன்.